பம்ப்பை மாற்றும் முன் அதன் சத்தத்துக்குக் காது கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டு வசதிகளோடு வரும் மோட்டார்ஹோம் வண்டிப் பயணம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். படுக்கை, அடுப்பு, கூரைமேல் சோலார் தகடு என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதியவர்கள், தண்ணீர் என்று வந்ததும் டேங்க் எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். மோட்டார்ஹோம்களின் தண்ணீர் லைனைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை. அதனால் அந்தக் குறை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு நிற்கும்போது ஷவர் நின்றுபோய்த் தவித்தவர்களோடு தினமும் பேசுகிறவன் நான். அவர்களுக்காகவே இந்தக் கடிதம்.

எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் "பம்ப் போயிடுச்சு" என்றுதான் தொடங்கும். நேரில் போய்ப் பார்த்தால் பல வண்டிகளில் பம்ப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சமீபத்தில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி வந்தார்கள். சுடுநீர்க் குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார்கள். பம்ப் பழுது என்று சொல்லிப் புதிதாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறமும் சுடுநீர் வரவில்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: "பச்சைத் தண்ணீர் வருகிறதா?" நன்றாக வருகிறது என்றார்கள். குளிர்ந்த நீரையும் சுடுநீரையும் தள்ளுவது ஒரே பம்ப்தான். ஒரு பக்கம் நன்றாக வந்தால் பம்ப்பைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. ஹீட்டருக்குப் பின்னால் இருந்த மூன்று வால்வுகளில் ஒன்று மூடிக் கிடந்தது. உறைபனிக் காலத்துக்கு முன்பு ஹீட்டரைக் காலி செய்து, தண்ணீர் அதைச் சுற்றிப் போகும்படி பைபாஸ் திருப்பி வைப்பது வழக்கம். திரும்பத் திறந்தவர்கள் ஒரு வால்வை விட்டுவிட்டார்கள். அதைக் கால் சுற்றுத் திருப்பியதும் குழாயில் தண்ணீர் வந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட வழியில்லாமல் அந்தத் தாய் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்கவில்லை. ஹீட்டர் வேலை செய்தும் சுடுநீர்க் குழாயில் பச்சைத் தண்ணீரோ வெதுவெதுப்பான தண்ணீரோ வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த பைபாஸைத்தான்.

பழுது எங்கே என்பதைப் பம்ப்பின் சத்தமே பாதி சொல்லிவிடும். சுவிட்சைப் போட்டு, குழாயைத் திறந்து, ஒரு நிமிடம் பேசாமல் கேளுங்கள்.

சத்தமே இல்லையென்றால் அது மின்சார விஷயம். ஃபியூஸ், சுவிட்ச், எர்த் வயர் இவற்றைப் பாருங்கள். பேட்டரி முனையில் 12.6 வோல்ட் காட்டுகிறதே என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அளக்க வேண்டிய இடம் பம்ப்பின் முனை. அதுவும் குழாய் திறந்திருக்கும்போது அளக்க வேண்டும். துருப்பிடித்த இணைப்பு ஒன்று நடுவில் இருந்தால், பம்ப் இழுக்கத் தொடங்கியதும் பம்ப் முனையில் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும்; பம்ப் முனகுமே தவிரச் சுற்றாது.

பம்ப் விடாமல் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை அல்லது துப்பித் துப்பி வருகிறது என்றால் அது ஏர் இழுக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பம்ப்புகள் குப்பைக்குப் போவது இந்த இடத்தில்தான். டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள ஹோஸ் உறிஞ்சும் பக்கம். அங்கே ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ, ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம் விலகியிருந்தாலோ, தண்ணீர் வெளியே சொட்ட வேண்டும் என்பதில்லை. பம்ப் ஓடும்போது காற்று உள்ளே போகும், அவ்வளவுதான். தரை காய்ந்திருக்கும். காய்ந்த தரையைப் பார்த்துவிட்டு லீக் இல்லை என்று முடிவு செய்துவிடுவார்கள். பம்ப்புக்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கிண்ணத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பம்ப் ஓடும்போது அதற்குள் குமிழிகள் தொடர்ந்து ஓடினால் காற்று அதிலோ அதற்கு முன்போதான் நுழைகிறது. கிண்ணத்தைக் கழற்றினால் வலையில் பிளாஸ்டிக் சீவல்கள் சிக்கியிருக்கும். புது வண்டியில் டேங்க்குக்குத் துளை போட்டபோது உள்ளே விழுந்தவை அவை. கழுவிவிட்டு, வளையம் அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துப் பூட்டுங்கள். மரை ஏறாமல் கோணலாகப் பூட்டினாலும் இதே தொல்லை திரும்ப வரும்.

சந்தேகம் தீரவில்லையா? டேங்கின் வால்வை மூடிவிட்டு (வால்வு இல்லாத வண்டியில் டேங்கைக் காலி செய்துவிட்டு), உறிஞ்சும் பக்கத்து ஹோஸைப் பம்ப்பிலிருந்து கழற்றுங்கள். பதிலுக்கு ஒரு சின்ன ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையை ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். குழாயில் தண்ணீர் சீராகப் பாய்ந்தால் பம்ப் நல்ல பம்ப். கோளாறு டேங்க் பக்கம். வாளியிலிருந்தும் இழுக்கவில்லை என்றால் அப்போது பம்ப்பைச் சந்தேகப்படலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் புது பம்ப் வாங்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

டேங்க் பக்கத்தில் இன்னொரு வில்லன் காற்றுப் போக்கிக் குழாய். டேங்கிலிருந்து தண்ணீர் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அந்த மெல்லிய குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டிவிட்டால் பம்ப் தண்ணீரை இழுக்க இழுக்க டேங்க் உள்வாங்கி ஒடுங்கும், தண்ணீர் ஓட்டம் குறைந்துகொண்டே போகும். நிரப்பும் மூடியைத் திறந்தவுடன் தண்ணீர் நன்றாக வந்தால் சந்தேகமே வேண்டாம், அடைப்பு அங்கேதான். டேங்க் நிறைந்திருக்கிறது என்று காட்டும் விளக்கையும் அப்படியே நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் உணர்முனைகளில் படிவு ஏறினால் காலி டேங்கும் நிறைந்ததாகத் தெரியும்.

சில வண்டிகளில் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும். ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு மைக்ரோ சுவிட்ச் இருக்கும்; குழாயைத் திருப்பினால் அது பம்ப்பை ஓட்டும். இந்த வகையில் ஒரு குழாயைத் திறந்தால் பம்ப் ஓடுகிறது, இன்னொன்றில் ஓடவில்லை என்றால் பழுது அந்தக் குழாயின் சுவிட்சில்தான். டேங்கைக் காலி செய்து நிரப்பிய பிறகு பம்ப் சுற்றியும் தண்ணீர் ஏறாவிட்டால் ஏர் லாக், அதாவது உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. பம்ப்பைத் தண்ணீருக்குள்ளேயே லேசாக ஆட்டினால் காற்று வெளியேறிவிடும்.

அடுத்தது ராத்திரித் தொல்லை. எல்லாக் குழாயும் மூடியிருக்கும், நடு இரவில் பம்ப் ஒரு நொடி 'டுர்ர்' என்று ஓடி நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். லைனில் அழுத்தம் எங்கோ இறங்குகிறது என்று அர்த்தம். பம்ப்புக்கு அடுத்தாற்போல் வால்வு இருந்தால் அதை மூடுங்கள். சத்தம் நின்றுவிட்டால் லீக் அதற்கு அப்பால். நிற்காவிட்டால் பம்ப்பின் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரைத் திரும்பிப் போகாமல் தடுக்க வேண்டிய வால்வு) வழியாகத் தண்ணீர் டேங்குக்கே திரும்பிப் போகிறது. லீக்கைத் தேட ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டுக் காலையில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் அதில் காட்டிக்கொடுத்துவிடும். முகாமில் வெளிக்குழாயை இணைத்திருக்கும்போது டேங்க் தானாக நிறைந்து வழிந்தால், பெரும்பாலும் அதற்கும் இதே நான்-ரிட்டர்ன் வால்வுதான் காரணம். வெளிக்குழாயை இணைப்பவர்கள் பிரஷர் ரெகுலேட்டர் இல்லாமல் இணைக்கவே கூடாது. 40 முதல் 50 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். வெளிக்குழாயில் அழுத்தம் அதைவிட அதிகமாக இருந்தால் சுவருக்குள் ஓடும் இணைப்புகள் பிய்ந்துகொள்ளும். அப்புறம் நனைவது மெத்தை மட்டுமல்ல, தரைப் பலகையும்தான்.

குளிர்ப் பிரதேசத்தில் காலையில் எழுந்தால் வண்டிக்கு அடியில் குளமும் டேங்கில் வெறுமையும் கண்டு பதறியவர்கள் உண்டு. சில ஹீட்டர்களில் வெப்பநிலை ஏறக்குறைய 3 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால் தானாகத் திறந்து தண்ணீரைக் கொட்டிவிடும் வால்வு இருக்கிறது. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். அதில் ஹீட்டர் வெடித்துவிடாமல் காப்பதற்குத்தான் அது. வண்டிக்குள் வெப்பம் ஏறிய பிறகே அதைக் கையால் மூட முடியும். பம்ப் சுவிட்ச் போட்டபடியே இருந்தால் டேங்க் முழுவதும் அந்த வழியாகப் போய்விடும். எனவே தூங்கப் போகும்போது பம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

சுடுநீரில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஹீட்டரின் உட்புறம் அரிக்காமல் காக்க வைத்திருக்கும் மெக்னீசியம் ஆனோடு கம்பியும் நீரில் உள்ள சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்யும் வேலை அது. பச்சைத் தண்ணீரும் நாறினால் டேங்கைக் கிருமி நீக்கம் செய்ய வேண்டும். வாசனை சேர்க்காத சாதாரண பிளீச்சை, டேங்க் கொள்ளும் ஒவ்வொரு லிட்டருக்கும் 1 மில்லி என்ற கணக்கில் அளந்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, டேங்கை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் பிளீச் வாசனை வரும்வரை திறந்துவிட்டு, குறைந்தது 4 மணி நேரம் விட வேண்டும். பிறகு வாசனை போகும்வரை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். பிளீச்சோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும். ஹீட்டரைத் திறப்பதாக இருந்தால் முதலில் அதை அணைத்து, ஆறவிட்டு, சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். கொதிநீர் முகத்தில் அடித்தவர்களை எனக்குத் தெரியும்.

வண்டி தயாரிப்பவர்களிடமும் வாடகைக்கு விடுபவர்களிடமும் உங்கள் நாளிதழ் மூலமாக ஒன்று கேட்கிறேன். டேங்க், ஃபில்டர், பம்ப், அதன் ஃபியூஸ், பைபாஸ் வால்வுகள், காலி செய்யும் வால்வுகள் எல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் ஒற்றைப் பக்க வரைபடத்தை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிக் கொடுங்கள். ஒவ்வொரு வால்வும் எந்தத் திசையில் இருந்தால் திறப்பு, எந்தத் திசையில் மூடல் என்று ஒரு சீட்டு கட்டுங்கள். படுக்கைக்கு அடியில் எட்டுத் திருகு கழற்றினால்தான் பம்ப்பைப் பார்க்க முடியும் என்ற நிலையை மாற்றி, கையால் திறக்கும் ஒரு மூடி வையுங்கள். சாவியைக் கொடுக்கும்போது பத்து நிமிடம் செலவழித்து இவற்றைக் காட்டுங்கள். அந்தக் கைக்குழந்தையின் பெற்றோருக்கு இப்படி ஒரு வரைபடம் கிடைத்திருந்தால் மூடிய வால்வைத் தாங்களே கண்டுபிடித்திருப்பார்கள்.

ஞாயிறு இணைப்பில் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்க முடிந்தால் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதித் தர நான் தயார். கேள்வி அனுப்புகிறவர்கள் பம்ப் டேங்குக்கு உள்ளேயா வெளியேயா, சத்தம் வருகிறதா, பச்சைத் தண்ணீர் வருகிறதா என்ற மூன்றையும் மறக்காமல் குறிப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார்ஹோம் தண்ணீர் லைன் பழுதுபார்ப்பவர்