ரஸ்தாளி பட்டுப்போன தோட்டத்தில் என்ன வைப்பது?

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் கோயம்புத்தூரில் வேலை மாறிவிட்டான். மாதம் ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டுகிறான்.

மண்ணில் இருக்கும் பூஞ்சையால் வருகிற வாடல் நோயில் ரஸ்தாளி போன தோட்டத்தில் ஜி9 ரக வாழை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு அந்த நோயே வராது என்று கன்று விற்கிறவர் சொன்னாராம். முக்கால்வாசி உண்மை. மிச்சத்தை அவர் சொல்லமாட்டார்.

நோய் தாங்கும் ரகம் என்றால் பூஞ்சை வேருக்குள் போகாது என்று நினைத்துக்கொள்கிறோம். போகும். ரஸ்தாளியில் அது கிழங்கைத் தாண்டித் தண்டுக்கு ஏறிவிடுகிறது. அடி இலை ஓரத்தில் மஞ்சளடித்து, காம்பு ஒடிந்து பாவாடை மாதிரித் தொங்கும். தண்டும் அடியில் வெடிக்கும். நீயே பார்த்ததுதான். தாங்கும் ரகமோ, வேருக்குள் பூஞ்சை நுழைந்த நீர்க்குழாயைப் பசை சுரந்து அடைத்துவிடும். அடைத்த குழாயில் தண்ணீரும் ஏறாதே! புது வேர் விட்டுத்தான் மரம் அதை ஈடுகட்ட வேண்டும். வடிகால் இல்லாமல் தண்ணீர் தேங்கினால், நூற்புழு வேரை அரித்தால், அதற்கும் வழியில்லை. மரம் நிற்கும், ஆனால் தாரில் எடை பிடிக்காது.

இன்னொன்று, ரகம் தாங்குவது பூஞ்சையின் ஒரு இனத்தைத்தான். மத்திய அமெரிக்காவில் குரோ மிஷேல் வாழை இப்படி அழிந்துதான் 1950, 60-களில் அந்த நோயைத் தாங்கிய கேவண்டிஷ் வாழைக்கு மாறினார்கள். நம் ஜி9-உம் கேவண்டிஷ்தான். தைவானில் 1960-களின் கடைசியில் அந்தக் கேவண்டிஷையே வாட்டும் இனம் தலைகாட்டியது. டிஆர்4 என்கிறார்கள். இப்போது பீகார், உத்தரப் பிரதேசம் வரை வந்துவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன், குரோ மிஷேலை அழித்த பழைய முதல் இனமே நம் தேனிப் பக்கம் ஜி9-ஐத் தாக்கியதாக 2010-லேயே திருச்சி ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தைவான்காரர்கள் திசு வளர்ப்புக் கன்றுகளிலிருந்தே டிஆர்4 தாங்குவதைப் பொறுக்கியெடுத்தார்கள். அதில் ஜிசிடிசிவி-219 என்று ஒன்று. பழம் இனிப்பு, ஆனால் வெட்டுக்கு வர நாள் கூடுதல், தாரும் சிறிது. குத்தகைக்கு எடுத்தவனுக்கு அந்தக் கூடுதல் நாளுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? தாங்கும் ரகத்தைப் புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பேசுவதே இல்லை.

என் யோசனை இதுதான். உனக்குத் தண்ணீர் வசதி இருக்கிறது, முதலில் நெல் போடு. வயலில் தண்ணீர் கட்டினால் பூஞ்சை குறையும். அடியோடு ஒழியாது, அதன் வித்து இருபது வருஷத்துக்கு மேலும் மண்ணில் கிடக்கும். பிறகு வாழைதான் என்றால் பூவனையும் யோசித்துப் பார். முதல் இனத்தை ஓரளவு தாங்கும், உன் சந்தையிலும் போகும். ஜி9-தான் என்று பிடிவாதமாக இருந்தால் பாதி நிலத்தில் மட்டும் வை. அந்தத் தோட்டத்துப் பக்கக்கன்றை யார் கேட்டாலும் கொடுக்காதே. மரம் பச்சையாக இருந்தாலும் கிழங்கில் நோய் ஒளிந்திருக்கும். உழவுக்கு வரும் டிராக்டர் சக்கரத்துச் சேற்றையும் கழுவச் சொல்.

வாடிய மரம் மிச்சமிருந்தால், தண்டைக் குறுக்கே வெட்டிப் பார். உள்ளே செம்பழுப்பாக இருந்தால் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றித் திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்தில் காட்டு. எந்த இனம் என்று தெரிந்த பிறகு கன்றுக்கு முன்பணம் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்