ஹெல்ப் டெஸ்க் போர்டை ஏன் கழட்டினேன்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் ஐயாவுக்கும் வந்திருக்கிற அண்ணன்மார் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். வழக்கமா எத்தன கூட்டம் போட்டோம், எவ்வளவு சந்தா பாக்கி, பொங்கல் விளையாட்டுல யாருக்கு ப்ரைஸ்னு படிப்பேன், அதெல்லாம் உங்க கைல இருக்கிற ஷீட்ல இருக்கு, வீட்டுக்குப் போய் கண்ணாடி போட்டுட்டு படிச்சுக்கோங்க. இந்த தடவ, பென்ஷன்காரங்க உயிரோட இருக்கோம்னு வருஷா வருஷம் குடுக்கிற லைஃப் சர்டிஃபிகேட்ட போட்டுக் குடுக்க நாம நடத்துற ஹெல்ப் டெஸ்க் பத்தி மட்டும்தான் பேசப்போறேன், ஏன்னா அதுல தப்பு நடந்திருக்கு, பாதி என் தப்பு.

நம்ம பொன்மலைல டெஸ்க்குக்கு வர்றவங்க எல்லாம் ஒரே மாதிரி பென்ஷன்காரங்க இல்லனு உங்களுக்கே தெரியும். ஒர்க்‌ஷாப்ல இருந்து ரிட்டையரான ரயில்வே ஆளுங்க நவம்பர்ல குடுக்கணும், 80 தாண்டினவங்கன்னா அக்டோபர் 1லயே குடுக்கலாம். பி.எஃப். பென்ஷன் வாங்குறவங்க வருஷத்துல எப்ப வேணா குடுக்கலாம், குடுத்த நாள்ல இருந்து 12 மாசம் செல்லும். டீச்சர் மாதிரி மாநில அரசு பென்ஷன்காரங்களுக்கு முன்ன ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் நேர்காணல் இருந்துச்சு, அப்புறம் அவங்கவங்க ரிட்டையரான மாசம்னு மாத்திட்டாங்க. ஆக மூணு காலண்டர். இதுக்கு நாம டெஸ்க்ல உக்கார்ற ரெண்டு பொண்ணுங்களுக்கும் வாலண்டியர்களுக்கும் குடுத்த ட்ரெய்னிங் என்ன தெரியுமா, ஒரு சனிக்கிழமை அரை நாள், நான் ப்ரொஜெக்டர்ல சர்டிஃபிகேட் போடுற ஆப்ப ஓட்டிக் காட்டினேன், வடை காபி, கடைசில ஒரு ஃபார்ம் குடுத்து டிக் பண்ணச் சொன்னோம், எல்லாரும் ‘மிக நன்று’. போன அறிக்கைல ‘பயிற்சி சிறப்பாக நடைபெற்றது’னு எழுதினதும் நான்தான்.

அப்புறம் நவம்பர் வந்துச்சு. வாசல்ல போர்டு மாட்டி தினமும் யார் எத்தன சர்டிஃபிகேட் போட்டாங்கனு சாக்பீஸ்ல எழுதினோம், மாசக் கடைசில ஜாஸ்தி போட்ட பொண்ணுக்கு சால்வையும் கவரும். அந்தப் பொண்ணு நிஜமாவே ஸ்பீடு. இன்னொரு பொண்ணு மெதுவா பண்ணுது, க்யூ நிக்குதுனு நம்ம கமிட்டிலயே கம்ப்ளைன்ட் வந்துச்சு, நானும் கூப்பிட்டு ரெண்டு வார்த்த சொன்னேன்.

ஜனவரில ஒரு ஃபேமிலி பென்ஷன் அம்மா வந்து நிக்கிறாங்க. "தம்பி, நீங்கதானப்பா போட்டுக் குடுத்தீங்க, போன மாசப் பணமே வரலியே". எடுத்துப் பாத்தா பிரமாண் ஐடி, அதாவது சர்டிஃபிகேட் போட்டதும் வர்ற நம்பர், ஜம்முனு வந்திருக்கு, ஆனா பென்ஷன் குடுக்கிற பேங்க்னு வேற பேங்கை செலக்ட் பண்ணிருக்கோம், ரிஜெக்ட் ஆயிருக்கு. அந்த எஸ்.எம்.எஸ். போனது வெளிநாட்டுல இருக்கிற மகனோட பழைய நம்பருக்கு. பிரமாண் ஐடி வந்துட்டா வேலை முடிஞ்சுச்சுனு நாம எல்லாரும் நம்பிட்டு இருந்தோம், ஐடி வர்றது வேற, பென்ஷன் குடுக்கிறவங்க அதை ஏத்துக்கிறது வேற. போர்டுல நாம எண்ணினது முழுக்க ஐடியதான்.

நம்ம உறுப்பினர் ஒருத்தர், பேங்க் ட்ரெய்னிங் சென்டர்ல இருந்து ரிட்டையரானவர், கமிட்டில அன்னிக்கு சிரிச்சுட்டே ஒண்ணு சொன்னாரு. டொனால்ட் கிர்க்பாட்ரிக்னு ஒரு அமெரிக்கர் 1959லயே எழுதி வச்சிட்டாராம், பயிற்சிய நாலு கேள்வில அளக்கணும்னு: வந்தவங்களுக்கு பிடிச்சுதா, கத்துக்கிட்டாங்களா, கத்துக்கிட்டத வேலைல செய்றாங்களா, அதனால பலன் வந்துச்சா. நாம வடை காபியோட முதல் கேள்விலயே எந்திரிச்சு வந்துட்டோம்னாரு. சுருக்குனுச்சு, ஆனா சரிதானே.

அதுக்கப்புறம் நான் பத்து நாள் டெஸ்க் பக்கத்துல ஸ்டூல் போட்டு சும்மா உக்காந்தேன், வாயே தொறக்கல. நம்ம ஒர்க்‌ஷாப் ஆளுங்களுக்கு இரும்போட மல்லுக்கட்டி ரேகையே தேஞ்சு போச்சு, 2021 நவம்பர்ல முகத்த காட்டுற முறை வந்தப்புறம்தான் அவங்களுக்கு விடிவு, ஆனா நாம பெரியவர உக்கார வச்ச நாற்காலி ஜன்னலுக்கு முதுகு காட்டிட்டு இருக்கு, முகமெல்லாம் இருட்டு, ஆப் திரும்பத் திரும்ப ஃபெயில் ஆகுது, அவரு கண்ணச் சிமிட்டிச் சிமிட்டி கண்ணீரே வந்துருச்சு. நாற்காலியத் திருப்பிப் போட்டோம், அவ்வளவுதான். மறுபடி வேலைல சேந்தீங்களா, மறுமணம் ஆச்சானு ஃபார்ம்ல வர்ற ரெண்டு கேள்வியையும் பெரியவங்ககிட்ட கேக்காமலே தட்டுறாங்க. மறுமணம் ஆச்சானு ஒரு பாட்டிகிட்ட எப்படி சார் கேக்குறதுனு டெஸ்க் பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு, நியாயமான கூச்சம்தான், அத எப்படி கேக்கணும்னு நாம சொல்லிக் குடுத்தோமா? இன்னொண்ணு, ஓ.டி.பி.ய போன்ல யாருக்கும் சொல்லாதீங்கனு நோட்டீஸ் ஒட்டியிருக்கிற அதே டேபிள்ல இருந்து நம்ம வாலண்டியர் ஒருத்தர் வீட்டுக்கு போன் போட்டு ஓ.டி.பி. கேக்குறாரு. ஆதார் நம்பரெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க, அன்னிக்கே கிழிச்சுப் போட்டாச்சு.

நடக்க முடியாதவங்கள ஆட்டோல தூக்கிட்டு வராங்க. போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து பண்ணிக் குடுப்பார்னு டெஸ்க்ல யாருக்கும் சொல்லத் தெரியல. பி.எஃப். குறைஞ்சபட்ச பென்ஷன் 2014ல 1000 ரூபானு வச்சாங்க, அதுல எத்தன ஆட்டோ ஏற முடியும்?

அந்த ‘மெதுவான’ பொண்ணு பக்கத்துல உக்காந்தப்பதான் புரிஞ்சுச்சு. பி.பி.ஓ. நம்பர, அதான் பென்ஷன் ஆர்டர் நம்பர, ஒவ்வொரு நம்பரா வாய்விட்டுப் படிக்குது, பேங்க் பாஸ்புக்க வாங்கிப் பாக்குது, எஸ்.எம்.எஸ். யார் போனுக்குப் போகும்னு கேக்குது. ரிஜெக்ட் ஆகி திரும்பி வந்ததெல்லாம் எடுத்துப் பாத்தேன், அது போட்டது ஒண்ணுகூட இல்ல. இன்னொரு பொண்ணையும் நான் குத்தம் சொல்லமாட்டேன், நாம எண்ணிக்கைக்கு சால்வ போத்தினோம், அது எண்ணிக்கைய குடுத்துச்சு. போர்டை கழட்டி ஸ்டோர் ரூம்ல போட்டுட்டேன், மெதுவா பண்ற பொண்ணுகிட்ட சாரியும் சொல்லிட்டேன்.

இனிமே சர்டிஃபிகேட் போட்ட பதினஞ்சு நாள்ல ஏத்துக்கிட்டாங்களானு பாத்து ரெஜிஸ்டர்ல டிக் பண்ணினாதான் அது கணக்கு. பயிற்சி அரை நாள் இல்ல, ரெண்டு நாள், ரெண்டாவது நாள் நம்ம உறுப்பினர்களே காது கேக்காத தாத்தா, பாஸ்புக் மறந்த பாட்டியா நடிக்கணும், டெஸ்க் ஆளுங்க எப்படி சமாளிக்கிறாங்கனு பாக்குறதுதான் டெஸ்ட், நடிக்க ஆள் தேவை, பேர் குடுங்க, காது விஷயத்துல நிறைய பேருக்கு நடிப்பே தேவையில்ல. ‘சம்பளம் குடுத்து டெஸ்ட் வேற வைக்கிறதா’னு ஒரு ஆட்சேபம் எழுத்துல வந்திருக்கு, விவாதத்துக்கு வைக்கிறேன். ரெண்டு பொண்ணுங்களுக்கும் சம்பளம் ஒரே அளவுல ஏத்தணும்னு கமிட்டி தீர்மானமும் இருக்கு, எவ்வளவு முடியும்னு பொருளாளர் இப்ப கணக்கோட சொல்லுவாரு.