செயலாளர் ஆண்டறிக்கை 2020–21: தாம்பரம் கடைத்தெரு வியாபாரிகள்

தலைவர், பொருளாளர், வந்திருக்கும் கொஞ்ச உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கொரோனாவால் ஆண்டு விழா நடக்கவில்லை. ஆயுத பூஜையை அவரவர் கடையிலேயே முடித்துக்கொண்டோம். செயற்குழு போனிலேயே கூடியது.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்ததும் மளிகை, காய்கறி, மருந்துக் கடை தவிர மற்றவர்கள் ஷட்டரை இறக்கினோம். மே 11-ல் டீக்கடைக்குப் பார்சல் மட்டும் என்று அனுமதி வந்தது, பெஞ்ச் இல்லாமல் டீக்கடையில் என்ன வியாபாரம் ஓடும்? தையல்காரர்கள் மாஸ்க் தைத்தார்கள், செருப்புக் கடை வாசலில் முட்டை அட்டை ஏறியது. கொஞ்சம் நிமிர்ந்தபோது, ஜூன் 19-ல் சென்னையோடு சேர்த்து நம்மையும் மறுபடி பூட்டினார்கள்.

இனி குட்டியானை, அதாவது சின்ன சரக்கு வண்டி விஷயம். மே 5-ல் கோயம்பேடு காய்கறிச் சந்தையை மூடி, மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. ஆளுக்கொரு வண்டி பிடித்தால் லாபம் வாடகைக்கே சரியாகப் போகும் என்பதால், சேர்ந்து ஒரே வண்டி வைத்து மூட்டைக் கணக்கில் வாடகையைப் பிரிப்போம் என்று சொன்னது நான்தான். மழை பெய்தால் அந்தச் சந்தை முழுக்கச் சேறு, அதிலும் வண்டி போய்வந்தது. செப்டம்பர் 28-ல் கோயம்பேடு திறக்கும்வரை நம் தெருவில் தக்காளி இல்லை என்ற பேச்சு வரவில்லை. இதில் செயலாளருக்கு கமிஷன் உண்டு என்று பேசியவர்களுக்கு: வாடகை ரசீதெல்லாம் என்னிடம் இருக்கிறது, உங்கள் பங்கு பாக்கியும் அதிலேயே தெரியும்.

கடன் தவணையை ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை தள்ளிப்போட இடம் கொடுத்தது. வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், முடிந்தவர்கள் கட்டிவிடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். கட்டைவிரல் காட்டியவர்கள்தான் செப்டம்பரில் சங்கம் சொல்லவே இல்லை என்று சண்டைக்கு வந்தார்கள். தினவட்டிக்குக் கடன் கொடுத்து வசூலிக்கும் தண்டல்காரரிடம் இந்தச் சலுகையெல்லாம் கிடையாது, அவர் சாயங்காலம் பைக்கில் வந்து நின்றுவிடுவார். தள்ளுவண்டிக்காரர்கள் சிலருக்கு தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதி திட்டத்தில் 10,000 ரூபாய் கடனுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தோம். ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உண்டு. வந்த பணத்தில் தண்டலை அடைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

கணக்கு: வரவு குறைவு, செலவு அதைவிடச் சற்று அதிகம். விவரம் பொருளாளரிடம் கேட்கலாம். ஊரடங்கு மாதங்களுக்குத்தான் சந்தா தள்ளுபடி செய்தோம். தீபாவளிக்குக் கடையில் கால் வைக்க இடமில்லாமல் வியாபாரம் பார்த்தவர்களும் அதே தள்ளுபடியை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது எப்படி? அவர்கள் பெரும்பாலும் இன்று வரவில்லை, அதனால் வந்தவர்கள்தான் திட்டு வாங்குகிறீர்கள்.

நகராட்சி, காவல் துறை, துப்புரவுப் பணியாளர்கள், மண்டபம் தந்தவர் அனைவருக்கும் நன்றி.

இந்த 2021 ஏப்ரல் 10 முதல் கோயம்பேட்டில் சில்லறை வியாபாரத்துக்குத் தடை என்று அரசு அறிவித்திருக்கிறது. மறுபடி வண்டி வேண்டுமென்றால் முன்பணம் வந்த பிறகுதான் பேச்சு. செயலாளர் பொறுப்பை யாராவது ஏற்க வந்தால் சாவியை இன்றே கொடுத்துவிடுகிறேன். அப்புறம், ரசீது புத்தகம் டீ கேன் பக்கத்து மேஜையில் இருக்கிறது, டீயை மட்டும் குடித்துவிட்டுப் போய்விடாதீர்கள்.