பசி வந்த கிருமி

புதுக்குடியிருப்பு,
தை 20

அன்பின் மச்சான்,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாளே கிடைத்தது. பதில் பிந்தியதற்குக் காரணம் பேரன். நாலு நாள் வயிற்றோட்டம். மழை வெள்ளம் வற்றி இரண்டு கிழமைகூட ஆகவில்லை. கிணற்றுக்குக் குளோரின் போட்டும், பிள்ளை எங்கே எதைக் குடித்தானோ. இப்போது ஓடித் திரிகிறான், யோசிக்காதே.

அந்த நாலு நாளும் எனக்கும் மகளுக்கும் சண்டை. வயிற்றைக் காயப்போட்டால் தானாக நிற்கும் என்று நான் நின்றேன். அம்மா எங்களை அப்படித்தானே வாட்டினா! உன்னையும் ஒருமுறை வெறும் தேத்தண்ணியோடு படுக்க வைத்தது ஞாபகமா? மகள் கேட்கவில்லை. ஜீவனி உப்புத்தூளைத் தண்ணியில் கரைத்துக் கொடுத்தபடியே கஞ்சியும் ஊட்டினாள். அதுதான் சரியும். முப்பது வருடம் உயிரியல் படிப்பித்த வாத்தியார் வாயை மூடிக்கொண்டு, பசி வந்தால் கிருமி என்ன செய்யும் என்று வாசிக்கப் போய்விட்டேன்.

நாங்கள் படித்த காலத்தில் நஞ்சு என்பது கிருமியின் குணம், அவ்வளவுதான். ஆனால் நஞ்சு செய்வது கிருமிக்கும் செலவு மச்சான். வயிறு நிறைந்திருந்தால் பல கிருமிகள் அதற்கு மினக்கெடுவதில்லை. அன்ரிபயோட்டிக் எடுத்தவர்களுக்குப் பேதி கொடுக்கிற குளோஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசிலைப் பார். குளுக்கோசும் சில அமினோ அமிலங்களும் கிடைக்கும்வரை அதன் நஞ்சு மரபணுக்கள் அடங்கிக் கிடக்கும். அவை தீர்ந்தால்தான் நஞ்சு வரும். குடல் சுவர் சிதைந்து அதற்குச் சாப்பாடும் கிடைக்கும்.

என்னை நித்திரை கொள்ள விடாதது இரும்புக் கதை. 1897 இல் யப்பானில் கியோஷி ஷிகா கண்டுபிடித்த வயிற்றுளைவுக் கிருமி இருக்கிறதே, அதற்குள் ஃபர் என்று ஒரு புரதம். இரும்பு இருக்கும்வரை அது நஞ்சு மரபணுவின் மேல் குந்தியிருக்கும். இரும்பு குறைந்தால் எழுந்துவிடும், நஞ்சு வரும். எங்கள் உடம்போ கிருமிக்குக் கிடைக்கக்கூடாது என்றே இரும்பைப் புரதங்களுக்குள் ஒளித்து வைக்கிறது. அந்தத் தட்டுப்பாட்டை வைத்தே, ஓ, ஆள் உடம்புக்குள் வந்தாச்சு என்று கிருமி அறிந்துகொள்கிறது. பூட்டைப் பார்த்து, உள்ளே சாமான் இருக்கு என்று கள்ளன் கண்டுபிடிக்கிற மாதிரி.

அதற்காக இரும்பை அள்ளிக் கொடுத்தாலும் சரிவராது. கென்யாவில் கைக்குழந்தைகளின் கஞ்சியில் இரும்புத் தூள் கலந்தபோது குடலில் நோய் தருகிற ஈ.கோலை என்ற பக்டீரியா கூடியது. (உன் மகளின் இரும்புக் குளிசையை நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைக்காதே. சோகைக்கு அது வேணும்.)

சில வேளை பசி கிருமிக்கு இல்லை, குடலில் குடியிருக்கிற நல்ல பக்டீரியாக்களுக்கு. 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மனிதக் குடலில் வாழும் 14 வகை பக்டீரியாக்களை எலிகளுக்குள் குடியேற்றி, நார் இல்லாத தீனி போட்டார்கள். தின்ன ஒன்றும் இல்லாமல் அவை குடல் சுவரைப் போர்த்தியிருந்த சளிப்படலத்தையே அரிக்கத் தொடங்கின. பிறகு எலிகளுக்கு நோய் தரும் கிருமியை விட்டதும், நார் தின்ற எலிகளைவிட இவை மோசமாக அடிபட்டன.

வாசிக்கும்போது 2009 இல் போரால் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த மாதங்கள்தான் கண்ணுக்குள் வந்தன. வெள்ளை மா, பருப்பு, திரும்பவும் மா. வயிற்றோட்டம் வந்து வந்து போனது. தண்ணியும் மலசலகூடமும்தான் முதல் காரணம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கீரைப்பிடி காணாத எங்கள் குடல்களுக்குள் எது எதைத் தின்று கொண்டிருந்ததோ என்று இப்போது யோசனை ஓடுகிறது.

சரி, வேறு கதை. இந்தக் காலபோகத்துக்கு அரை ஏக்கர் மொட்டைக்கறுப்பன் நெல் விதைத்தேன். வெள்ளம் வரம்போடு நின்றது, தப்பிவிட்டது. மாசியில் வெட்டு. தவிடு போகாமல் குத்தி உனக்கு ஒரு பை எடுத்து வைக்கிறேன். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவேன் என்றாயே, ரிக்கெற் போட்டாச்சா?

உன்ரை பழைய வாங்குத் தோழன்