ஓசூர், கிருஷ்ணகிரி செல்லப்பிராணிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மார்கழியில் உங்களில் ஒருவரிடம் லெப்பர்டு கெக்கோ என்னும் வளர்ப்புப் பல்லி ஒன்றை வாங்கினேன். கடை ஊழியர் அதை வாலைப் பிடித்துத் தூக்கி டப்பாவில் போட்டார். வீட்டில் மூடியைத் திறந்தபோது பல்லி ஒரு மூலையில் ஒடுங்கியிருக்க, வால் மட்டும் தனியே நெளிந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, "பல்லிதானே சார், முளைச்சிடும், மஞ்சள் வைங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

முளைக்கும் என்பது உண்மைதான். ஆனால் விற்பவர் அத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. சுவர்ப் பல்லிக்கு இருப்பதைப் போலவே இதற்கும் வாலெலும்புகளுக்குள் முறிவதற்கென்றே மெலிந்த இடங்கள் உள்ளன. வால் பிடிபட்டதும் தசைகள் இறுகி அங்கே முறித்துவிடுகின்றன, இரத்தக் குழாய்களும் உடனே சுருங்கிக்கொள்வதால் பெரிய இரத்தப்போக்கு இருப்பதில்லை. இழப்பு வேறு வகையானது. இந்தப் பல்லியின் தடித்த வால், நம் ஊர் வீடுகளில் கேழ்வரகு கொட்டி வைத்த குதிர் போன்றது. தீனி கிடைக்காத காலத்துக்கான கொழுப்பில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

பிறகு முளைப்பதும் பழைய வால் அல்ல. உள்ளே எலும்புக் கோவைக்குப் பதிலாக ஒரே குருத்தெலும்புத் தண்டு இருக்கும். வெளியே வளையங்களின்றி முள்ளங்கிபோல் வழுவழுவென்று உப்பியிருக்கும். (அப்படிப்பட்ட ஒன்றை ஒரு கடையில் 'குண்டு வால் ரகம்' என்று கூடுதல் விலைக்குக் காட்டினார்கள், சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.) கிரெஸ்டட் கெக்கோ என்ற வேறொரு வளர்ப்புப் பல்லிக்கோ வால் போனால் போனதுதான், முளைக்கவே முளைக்காது. அதை வாங்குபவரிடமும் "முளைச்சிடும்" என்பது பொய்.

மஞ்சளோ களிம்போ நான் வைக்கவில்லை. காயத்தில் ஒட்டாதிருக்க மணலை அள்ளிவிட்டு டிஷ்யூ காகிதம் விரித்தேன். ஓசூர்க் குளிரில் உடல் சூடு குறைந்தால் செரிமானமும் காயம் ஆறுவதும் மந்தமாகிவிடும் என்பதால், தொட்டியின் ஒரு பக்கத் தரை 32 டிகிரி செல்சியஸில் இருக்கும்படி சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் ஹீட் பேட் (சூடேற்றும் விரிப்பு) வைத்து, தீனியையும் சற்றுக் கூட்டினேன். இரண்டாம் வாரத்தில் காயத்தின் நடுவே மிளகளவு கருஞ்சாம்பல் மொட்டு ஒன்று எழும்பியது.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: பல்லியை வாலைப் பிடித்துத் தூக்காமல் வயிற்றுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்து எடுக்க ஊழியர்களைப் பழக்குங்கள், இரண்டு ஆண் பல்லிகளை ஒரே தொட்டியில் அடைக்காதீர்கள், மறுவால் முளைத்ததென்றால் அதை வாங்குபவரிடம் சொல்லியே விற்றுவிடுங்கள். வால் உதிர்ந்தால் என்ன செய்வதென்று ரசீதின் பின்புறம் நான்கு வரி அச்சிட்டுத் தர முடியுமானால், அந்த நான்கு வரிகளை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓசூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்