தஞ்சாவூருக்கு வரப்போகும் மாலுவுக்கு

தஞ்சாவூர்

அன்புள்ள மாலு,

உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு புனேயிலேயே வேலை அமைந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேத்தி உன்னை விட்டு எங்கும் போகவேண்டாம். இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்கு முழங்கால் வலி கொஞ்சம் தணிந்திருக்கிறது. காலையில் சிவகங்கைப் பூங்கா வரை நடந்துவிட்டு வருகிறார். சின்னவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அமைந்ததும் முதல் கடிதம் உனக்குத்தான்.

மே மாத லீவில் பேத்தியை அழைத்துக்கொண்டு வருகிறேன், எதையெல்லாம் காட்டலாம் என்று கேட்டிருந்தாய். மே வேண்டாம் மாலு. கத்திரி வெயிலில் பெரிய கோயில் கல் தரையில் குழந்தையால் கால் வைக்க முடியாது. காவிரியும் வெறும் மணலாகக் கிடக்கும். தீபாவளி லீவில் வாயேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் அதற்குள் வந்து, கோயிலை ஒட்டிப் போகும் புதாறு நிரம்பி ஓடும். ஐப்பசி சதயம் ராஜராஜனின் பிறந்த நட்சத்திரம். நாள் ஒத்துவந்தால் சதய விழாவையும், திருமுறை ஊர்வலத்தையும் பார்த்துவிடலாம். மழை இருக்கத்தான் செய்யும். குடை போதும்.

பெரிய கோயிலைப் பற்றி உனக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைப்பாய். இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் கேரளாந்தகன் வாசலைத் தாண்டியதும் அண்ணாந்து 216 அடி விமானத்தைப் பார்க்கிறார்கள், நந்திக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. அண்ணாந்து பார்த்தது போதும் என்று தோன்றியதும் சுவருக்குக் கிட்டே போய், நம் கண் மட்டத்திலும் அதற்குக் கீழேயும் இருக்கிற எழுத்துகளைப் பாருங்கள். 1010-இல் கட்டி முடித்த கோயில் அது. நான் கொடுத்தது, என் அக்காள் கொடுத்தது, என் மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுங்கள் என்று ராஜராஜன் சொன்னது அங்கே இருக்கிறது. தன் பேரோடு அக்காள் குந்தவையின் கொடையையும் சேர்த்து வெட்டச் சொன்ன அந்த மனசு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதைவிடப் பிடித்தது தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். ஆடல் மகளிர் 400 பேரைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடிவைத்தார்கள். ஒவ்வொருத்தியின் பேர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். தையற்காரர், நாவிதர், கணக்கர் என்று கோயிலில் வேலை செய்தவர்களும் உண்டு. கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பேரும் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு பெண்ணின் வீட்டு விலாசம் நமக்குத் தெரிகிறது என்றால் வேறென்ன வேண்டும் சொல்?

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது பேத்தியிடம் சொல்வார்கள். நம்பவேண்டாம். சாயங்காலம் அவளையே பார்க்கச் சொல், நீளமாக விழும். இப்படி இல்லாத அதிசயத்தை ஒட்டவைத்தால்தான் அந்தக் கோயிலுக்குப் பெருமையா? கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி 1931-இல் அதைக் கண்டார். அந்த நிஜ அதிசயத்தை அவளுக்குச் சொல். பொதுவாக உள்ளே விடமாட்டார்கள், படங்களில்தான் பார்க்கவேண்டும்.

உன் பேத்திக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். கோயில் திருச்சுற்றில் மராத்தியில் ஒரு பெரிய கல்வெட்டு இருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1803-இல் தன் போன்சலே வம்சத்தின் கதையை அப்படியே சுவரில் வெட்டிவைத்தார். சிவாஜியின் தம்பி வெங்கோஜி இங்கே வந்து ஆட்சியைப் பிடித்த கதையெல்லாம் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்திருக்குமோ என்னமோ. நம்மால் முடியாததை அவள் எழுத்துக் கூட்டி நமக்குப் படித்துச் சொல்லட்டும்.

அப்புறம் அரண்மனை. கட்டடம் பல இடங்களில் களையிழந்துதான் நிற்கிறது. ஆனால் கலைக்கூடத்துக்குள் போய்விட்டால் நேரம் போவது தெரியாது. நான் அங்கே போவதே ஒருவரைப் பார்க்கத்தான். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர், காளையோடு நிற்கிற சிவன், 1011-இல் வார்த்த செப்புத் திருமேனி. தலையில் சடையை முண்டாசு போலச் சுற்றி, ஒரு காலை மடித்து, காளையின் மேல் கையை ஊன்றி நிற்கிறார். காளை இல்லை! ஆனாலும் அந்தக் கை வளைந்திருக்கிற விதத்தைப் பார்த்தால் காளையின் உயரம்கூடத் தெரிகிறது. இடுப்பின் ஒசிவும், முகத்தில் அந்த இளமையும்... எத்தனை நேரம் நின்றாலும் எனக்குப் போதவில்லை. நடராஜர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களையும் பாருங்கள். இவரைப் பார்க்காமல் மட்டும் உன்னை ரயில் ஏற்றமாட்டேன்.

பக்கத்திலேயே சரஸ்வதி மகால். சுவடிகள் இருக்கும் இடத்துக்குள் சும்மா போக முடியாது, சிறு கண்காட்சிக் கூடம்தான் நமக்கு. சரபோஜி மன்னர் காலத்தில் கண் நோயாளிகளுக்குப் பார்த்த வைத்தியத்தைக் கண்ணின் படம் வரைந்து குறித்துவைத்த ஏடுகள் இந்த நூலகத்துச் சொத்து. ராஜா என்றால் யானையும் வாளும் என்று நினைக்கிற குழந்தைக்கு இதைச் சொல்லவேண்டும்.

மேல வீதியில் ஒரு நடை நடக்கலாம். பங்காரு காமாட்சி கோயில் அங்கேதான், சியாமா சாஸ்திரிகள் பாடிய அம்மன். தஞ்சை நால்வர் வீடும் அதே வீதியில். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நாலு பேரும் அலாரிப்பு முதல் தில்லானா வரை வகுத்துத் தந்த வரிசையில்தான் உன் பேத்தி புனேயில் நடனம் கற்றுக்கொள்கிறாள். அந்த வாசலில் நிறுத்தி ஒரு நமஸ்காரம் செய்யச் சொல்.

சாப்பாடு என்று வந்தால் நீ முதலில் கேட்பது கடப்பாவாகத்தான் இருக்கும், தெரியும். இந்தப் பக்கத்தை விட்டால் அதன் பேரே யாருக்கும் தெரிவதில்லை. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கு போட்டு, தேங்காய், பொட்டுக்கடலை, பச்சைமிளகாய், சோம்பு, கசகசா அரைத்துவிட்டு, இறக்கியபின் எலுமிச்சை பிழியவேண்டும். மிளகாய்த்தூள் பக்கமே போகக்கூடாது, நிறமே கெட்டுவிடும். ஹோட்டலில் வேண்டாம், நானே வைக்கிறேன். சூடான இட்லி மேல் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொள்.

இனிப்புக்குச் சந்திரகலா. பால்கோவாவைப் பூரணமாக வைத்துப் பொரித்துப் பாகில் ஊறப்போட்டது. வட்டமாக இருந்தால் சூரியகலா. எனக்குப் பாதிக்கு மேல் முடியாது, திகட்டும். அசோகா அப்படியில்லை. பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்து தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். அதைத் திருவையாற்றில்தான் சாப்பிடவேண்டும். தியாகராஜர் சமாதியில் காவிரிக் கரையோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, கடைத்தெருவில் அசோகாவும் காரமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். 13 கிலோமீட்டர்தான், டவுன் பஸ்ஸே போகும்.

தலையாட்டி பொம்மை வாங்கித் தருவது என் பொறுப்பு. நல்ல வீணை செய்யும் இடம் ஒன்றையும் விசாரித்து வைக்கிறேன். ஒரே பலாமரத்தைக் குடைந்து ஏகாண்ட வீணை செய்வதை அவள் கிட்டே இருந்து பார்க்கட்டும்.

இரண்டு நாள் என்று எழுதியிருந்தாயே, நாலு நாளாக்கு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. வரும்போது உங்கள் பக்கம் புளிக்குப் பதிலாகப் போடுகிற ஆம்சூல் கொஞ்சம் வாங்கி வா. மராத்திய அரண்மனையில் ஒருநாள் ஆம்சூல் தீர்ந்துபோய்ப் புளியைக் கரைத்து ஊற்றியதில்தான் சாம்பார் பிறந்தது என்று இந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதைதான், சான்று கிடையாது. ஆனாலும் ஆம்சூல் போட்டு நீ ஒரு நாள் வை, புளி கரைத்து நான் ஒரு நாள் வைக்கிறேன்.

டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது.

அன்புடன்,
வசு