உவர் தண்ணீரும் என் அம்பாசிடரும்

ஐயா,

என் 1984 அம்பாசிடர் பாம்பன் பாலம் ஏறினாலே கொதித்துவிடும். மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) கழற்றினார், அப்புறம் வாட்டர் பம்ப்பை மாற்றினார். காசு போனதுதான் மிச்சம். ஒருநாள் இன்ஜினை அணைத்துவிட்டு, இன்ஜின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரைத் தடவிப் பார்த்தேன். மேலே சுட்டது, நடுவில் இரண்டு இடம் வெதுவெதுப்புகூட இல்லை. அடைப்பு! இறக்கித் திறந்தால் குழாய்களுக்குள் தேங்காய்த் துருவல்போல் வெள்ளைப் பொருக்கு. வருடக்கணக்காக எங்கள் உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியவன் நான்தானே! வெளித்தகடுகளையோ உப்புக்காற்று தின்றிருந்தது, தொட்டாலே உதிர்ந்தன. ரேடியேட்டருக்குப் புது கோர் (குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதி) போட்டு, காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவமும் பாதிக்குப் பாதி ஊற்றினேன். இப்போது தங்கச்சிமடம் தாண்டியும் சூடு காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது. ராமேஸ்வரம் சாலை பெட்ரோல் பங்குகளில் டிரம்மில் வைக்கும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க ஏற்பாடு செய்யலாமே?

ஒரு வாசகர், மண்டபம்